ஒட்டிய நாற்காலி ஏன் மிதக்கிறது?

எங்கள் கல்லூரி ஸ்டூடியோவில் டிஜிட்டல் பெயின்டிங்குக்கும் இமேஜ் எடிட்டிங்குக்கும் தனித்தனி அறை கிடையாது. ஒரே அறை, ஒரே ஆசிரியை, அதே கணினிகள். இடநெருக்கடியால் வந்த ஏற்பாடு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வரைய வந்தவர்களுக்கு ஃபோட்டோவைத் திருத்தும் வேலை வேண்டாத சுமையாகப் பட்டது. ஃபோட்டோ பக்கம் ஆர்வமுள்ளவர்களைக் கையால் வரையச் சொன்னால் முகம் சுண்டிப்போகும். ஆனால் ஓவியத்தில் வெளிச்சம் எப்படி வேலை செய்கிறது என்பது எனக்குப் பிடிபட்டதே, ஒரு ஃபோட்டோவிலிருந்த நாற்காலியை இன்னொரு ஃபோட்டோவில் ஒட்டப் போனபோதுதான். அதேபோல, பெயின்டிங்கில் விளிம்புகளைக் கவனிக்கப் பழகிய பிறகே ஃபோட்டோவில் மாஸ்க் (ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கும் திரை) போடுவது எனக்கு ஒழுங்காக வந்தது. இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள் என்று புதிதாக வருபவர்களிடம் நான் சொல்வது இதனால்தான்.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம். ஸ்டூடியோவில் இருந்தவை கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும், திரை இல்லாத டேப்லெட்டுகள். கை மேசையில் நகரும், கோடு எதிரே மானிட்டரில் விழும். பழகும் வரை சொந்தக் கையெழுத்துகூடக் கோணலாகத்தான் வரும். குனிந்து கையைப் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டால் சீக்கிரம் வசப்படும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. டேப்லெட்டின் நீள அகல விகிதமும் மானிட்டரின் விகிதமும் வேறுவேறாக இருந்தால், நீங்கள் வட்டம் போட்டாலும் திரையில் முட்டைதான் வரும். கையில் கோளாறு என்று நினைத்து வட்டப் பயிற்சி செய்துகொண்டே இருப்பார்கள். டேப்லெட்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் அமைப்புகளில் விகிதத்தைப் பூட்டும் வசதி இருக்கும், அதைப் போட்டால் போதும்.

அப்புறம் அழுத்தம். டேப்லெட் பெட்டியில் 8192 அழுத்த நிலைகள் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டியதில்லை. லேசாகத் தொட்டால் மெல்லிய கோடு விழுகிறதா, மணிக்கட்டு நோகும் அளவுக்கு அழுத்தினால்தான் முழுக் கறுப்பு வருகிறதா, இதுதான் பார்க்க வேண்டியது. எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு கெட்டியான கோடு என்று தீர்மானிக்கும் பிரஷர் கர்வை மென்மைப் பக்கம் நகர்த்தியதும் எனக்குக் கை வலி பாதியாகக் குறைந்தது. பேனா முனையையும் அவ்வப்போது பாருங்கள். ஒரு பக்கமாகத் தேய்ந்து கூராகிவிட்ட முனை டேப்லெட்டின் பரப்பைக் கீறிவிடும்.

மென்பொருள் எது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். ஸ்டூடியோவில் ஃபோட்டோஷாப் இருந்தது. வீட்டில் வரைய கிரிட்டா, திருத்த ஜிம்ப் என்று இலவச மென்பொருள்களிலேயே பெரும்பாலான வேலையை முடித்தேன். லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள்), மாஸ்க், கர்வ்ஸ் (வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றும் வளைகோடு), பிளெண்ட் மோடு (மேல் லேயர் கீழ் லேயரோடு கலக்கும் விதம்) இந்த நான்கும் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். மெனுவில் இருக்கும் இடம் மட்டும் மாறும்.

பெயின்டிங் வகுப்பில் மேடம் வண்ணத்தைத் தொடவே விடவில்லை. ஒரு பெட்டி, ஒரு உருண்டை, ஒரு கசங்கிய துணி. இவற்றை ஐந்து சாம்பல் நிறங்களில், விளிம்பு கெட்டியான ஒரே வட்ட பிரஷ்ஷில் வரைய வேண்டும். "கண்ணைச் சுருக்கிப் பாருங்கப்பா, விவரம் எல்லாம் அப்புறம்" என்று அறைக்குள் நடந்துகொண்டே சொல்வார். கண்ணைச் சுருக்கினால் சின்னச் சின்ன விவரங்கள் மங்கி, இருட்டுத் திட்டுகளும் வெளிச்சத் திட்டுகளும் மட்டும் மிஞ்சும். அந்தத் திட்டுகளின் அமைப்பு சரியாக விழுந்துவிட்டால் மேலே என்ன நிறம் போட்டாலும் படம் நிற்கும். அது விழாவிட்டால் எத்தனை இழை இழையாக முடி வரைந்தாலும் பிரயோசனமில்லை.

சாம்பல் பயிற்சியின்போது மேடம் காட்டிய ஒரு படம் எனக்கு இன்றும் உதவுகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பார்வை பற்றி ஆராய்ந்த எட்வர்ட் ஆடெல்சன் 1995இல் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படம் அது. பச்சை உருளை ஒன்று பலகையின் மேல் நிழல் போடுகிறது. நிழலுக்கு வெளியே ஒரு கறுப்புக் கட்டம், நிழலுக்குள் ஒரு வெள்ளைக் கட்டம். பார்த்தால் இரண்டும் முற்றிலும் வேறு. ஒரு புள்ளியின் நிறத்தை அப்படியே எடுக்கும் ஐட்ராப்பர் கருவியை வைத்து எடுத்தால் இரண்டும் அச்சு அசலாக ஒரே சாம்பல். கண் எப்போதும் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டே பார்க்கிறது என்று வாயால் சொன்னால் மண்டையில் ஏறாது. நீங்களே ஐட்ராப்பரால் தொட்டுப் பார்த்தால் ஏறும். அதற்குப் பிறகு, நிழலில் இருக்கும் வெள்ளைச் சட்டையை வெள்ளையாக வரையும் பழக்கம் எங்களில் நிறையப் பேருக்குப் போய்விட்டது.

வண்ணத்துக்கு வந்ததும், வரைந்ததைச் சாம்பலாக்கிச் சரிபார்ப்பது ஒரு வழக்கம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நிறத்தை நீக்கும் ஃபோட்டோஷாப்பின் டிசாச்சுரேட் கட்டளை, சுத்த மஞ்சளையும் சுத்த நீலத்தையும் ஒரே நடுச் சாம்பலாக மாற்றிவிடும். ஆனால் கண்ணுக்கு மஞ்சள் எவ்வளவு வெளிச்சம், நீலம் எவ்வளவு இருட்டு! திரையில் நாம் உணரும் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. ஆகவே டிசாச்சுரேட் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயரைக் கறுப்பால் நிரப்பி, அதன் பிளெண்ட் மோடைக் கலர் என்று மாற்றி வையுங்கள். கண் காணும் சாம்பலுக்கு நெருக்கமாக வரும். வேண்டும்போது காட்டலாம், வேண்டாதபோது மறைக்கலாம். நான் புதிதாகக் கோப்பு திறந்தால் முதலில் போடும் லேயரே அதுதான்.

சரி, நாற்காலிக்கு வருவோம்.

எடிட்டிங் வகுப்பில் கொடுத்த வேலை எளிமையாகத்தான் தெரிந்தது. ஒரு காலி அறையின் ஃபோட்டோ. வேறெங்கோ எடுத்த மர நாற்காலியின் ஃபோட்டோ. நாற்காலியை வெட்டி அறைக்குள் வைக்க வேண்டும், அவ்வளவுதான். வகுப்பில் எல்லோரும் சீக்கிரமே முடித்தோம். எல்லாப் படங்களையும் ப்ரொஜெக்டரில் வரிசையாகப் போட்டபோது ஒன்றில்கூட நாற்காலி தரையில் நிற்கவில்லை. மிதந்தது, அல்லது ஸ்டிக்கர் போலத் துருத்திக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு மேடம் பதில் சொல்லவில்லை. அறையில் இருந்த நிஜ நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, "இதை வரைஞ்சுட்டு அப்புறம் பேசலாம்" என்றார்.

வரையும்போதுதான் தெரிந்தது, ஒரு நாற்காலிக்கு ஒரு நிழல் இல்லை. கால் தரையைத் தொடும் இடத்தில் மிக ஒடுங்கிய, கிட்டத்தட்டக் கறுப்பான ஒரு கோடு. அங்கே எந்தப் பக்கத்து வெளிச்சமும் நுழைய இடமில்லை. அங்கிருந்து விலக விலக நிழல் அகலமாகி, வெளிறி, ஓரம் கரைந்துபோகிறது. ஜன்னல் பெரிய ஒளிமூலம் என்பதால் அப்படி. சின்ன பல்பாக இருந்தால் ஓரம் கூர்மையாகவே போயிருக்கும். எங்கள் ஒட்டுப்படங்களில் எல்லாம் டிராப் ஷேடோ என்ற ஒற்றை மங்கல் நிழல், எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில். அதனால்தான் மிதந்தது. இரண்டு லேயரில் நிழலை வரையுங்கள்: தொடும் இடத்துக்கு ஒன்று, சிறியதாக, கெட்டியாக, விழும் நிழலுக்கு ஒன்று, தூரம் போகப் போக மாஸ்க்கில் கரையும்படி. முதலாவதை மட்டும் சரியாகப் போட்டாலே நாற்காலி தரையில் உட்கார்ந்துவிடும்.

அடுத்தது கறுப்பு. நாற்காலி ஃபோட்டோவில் ஆக இருண்ட இடம் சுத்தக் கறுப்பாக இருந்தது. அறை ஃபோட்டோவில் ஆக இருண்ட மூலைகூட நீலம் கலந்த சாம்பல். இரண்டையும் அருகருகே வைத்தால் கண் உடனே பிடித்துவிடும். வெளிச்ச அளவுகளை மாற்றும் லெவல்ஸில், ஆக இருண்ட புள்ளியைத் தீர்மானிக்கும் அவுட்புட் கறுப்பைக் கொஞ்சம் தூக்கினால் வெளிச்சம் பொருந்தும், நிறம் பொருந்தாது. நிறத்துக்கு ஒவ்வொரு சானலாக, அதாவது படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பங்குகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சிவப்பு சானலை மட்டும் திரையில் காட்டுங்கள், சாம்பல் படமாகத் தெரியும். அதில் நாற்காலி அறையைவிட இருட்டாகத் துருத்தினால், கர்வ்ஸில் சிவப்பை மட்டும் சரிசெய்யுங்கள். பிறகு பச்சை, பிறகு நீலம். மூன்றும் தனித்தனியே பொருந்தினால் சேர்த்துப் பார்க்கும்போது தானாகப் பொருந்தியிருக்கும். வண்ணத்தில் குழம்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. நிறத்தைக் கண்டுபிடிக்கும் சிக்கலை, நாம் ஏற்கெனவே பழகிய சாம்பல் கணக்காக இது மாற்றிவிடுகிறது.

இன்னொரு தந்திரம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, வளைவைக் கன்னாபின்னாவென்று செங்குத்தாக இழுத்துவிடுங்கள். படம் விகாரமாகும், ஆனால் பொருந்தாத இடம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். சரிசெய்துவிட்டு அந்த லேயரை அணைத்துவிடலாம்.

பிறகும் ஏதோ இடித்தது. புள்ளிகள்தான் காரணம். அறை ஃபோட்டோ குறைந்த வெளிச்சத்தில் எடுத்தது, சுவரெல்லாம் நுண்ணிய நாய்ஸ். நாற்காலி துடைத்துவிட்டதுபோலச் சுத்தம். நாம் பிரஷ்ஷால் வரைந்த நிழலுக்கும் இதே பிரச்சினை, அதில் ஒரு புள்ளிகூட இராது. நூறு சதவீதம் ஜூம் வைத்து, அறையில் இருக்கும் அளவுக்கு நாற்காலியிலும் நிழலிலும் நாய்ஸ் சேர்த்தால் இரண்டும் ஒரே கேமராவில் எடுத்ததாக மாறும்.

விளிம்பைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயின்டிங்கும் எடிட்டிங்கும் கைகோக்கும் இடம் அதுதான். நாற்காலியைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டும் பென் டூலால் துல்லியமாக வெட்டியவர்களின் படங்கள்தான் அதிகம் ஒட்டுப்போட்டதாகத் தெரிந்தன. நிஜ ஃபோட்டோவில் எந்த விளிம்பும் கத்தியால் அறுத்தது போல இருக்காது. ஓரிரு பிக்சல் அகலத்தில் ஒன்று இன்னொன்றாக மாறும். ஃபோகஸ் இல்லாத பக்கம் அதைவிட அதிகம். வெட்டிய பொருளின் ஓரத்தில் பழைய பின்னணியின் நிறம் ஒரு மெல்லிய கோடாக ஒட்டிக்கொண்டு வரும், அதற்கு மாஸ்க்கை ஒரு பிக்சல் உள்ளே சுருக்க வேண்டும். இதையெல்லாம் மாஸ்க்கில்தான் செய்ய வேண்டும், ரப்பரால் அழித்துச் செய்யக்கூடாது. அழித்தது போனது போனதுதான். மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை திரும்பக் கொண்டுவரும், சாம்பல் பாதி காட்டும். நன்றாக யோசித்தால் மாஸ்க் என்பது ஒரு கறுப்பு வெள்ளை ஓவியம். அதை வரையும் கை, பெட்டியையும் உருண்டையையும் வரைந்த அதே கை.

இந்தக் கண்ணோடு திரும்பப் பெயின்டிங்குக்குப் போனபோது எங்கள் ஒவ்வொரு ஓவியத்திலும் விளிம்புகள் ஏன் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன என்று புரிந்தது. ஒரு சாரார் எல்லா விளிம்பையும் கெட்டியாக வரைந்திருந்தார்கள். இன்னொரு சாரார் மென்மையான ஏர்பிரஷ்ஷில் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் புகையாக்கியிருந்தார்கள். இந்த ஏர்பிரஷ் மோகம் டிஜிட்டலுக்கே உரிய வியாதி. காகிதத்தில் மென்மையான மாற்றம் கொண்டுவர உழைக்க வேண்டும், இங்கே பொத்தானை அழுத்தினால் வந்துவிடுகிறது, வந்ததும் அழகாக இருப்பது போலத் தோன்றுகிறது. பார்வை போக வேண்டிய இடத்தில் கூர்மை, உருண்டையான பரப்பு திரும்பும் இடத்தில் மென்மை, நிழலும் நிழலும் சேரும் இடத்தில் விளிம்பே வேண்டாம். பேச்சுக்கு எளிது. கைக்கு வர நாற்காலி வேலை போன்ற ஒட்டுப்பயிற்சிகள்தான் உதவின.

வண்ணக் கலவையில் ஒரு விஷயம், கையால் வரைந்து பழகியவர்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது. பெயின்ட்டில் நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை. பெரும்பாலான மென்பொருள்களில் சுத்த நீலத்தின் மேல் சுத்த மஞ்சளைப் பாதி ஒபாசிட்டியில், அதாவது பாதி ஊடுருவித் தெரியும்படி, போட்டுப் பாருங்கள், சாம்பல் வரும். மென்பொருள் எண்களின் சராசரியை எடுக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 0 முதல் 255 வரை மூன்று எண்கள். நீலம் 0, 0, 255. மஞ்சள் 255, 255, 0. சராசரி 128, 128, 128 பக்கம் விழும். இரண்டு நிறங்களுக்கு நடுவிலான மாற்றம் அழுக்காக வருவதற்கு இதுதான் காரணம், உங்கள் கை காரணம் இல்லை. நடுவில் வர வேண்டிய நிறத்தை நீங்களே தேர்ந்தெடுத்து ஒரு பட்டையாக வையுங்கள், பிறகு இரு பக்கமும் கலக்குங்கள்.

நிழலுக்குக் கறுப்பை மல்டிப்ளை என்ற பிளெண்ட் மோடில் போடும் பழக்கமும் இதே ரகம். மல்டிப்ளை வெறும் பெருக்கல்தான். நடுச் சாம்பலின் மேல் நடுச் சாம்பல் போட்டால் 64 பக்கம் போகும், இருட்டாகும். நிறம் அப்படியே இருக்கும். வெட்டவெளியில் நிழல் அப்படி இருப்பதில்லை. சூரிய ஒளி மறைந்த இடத்தில் வானத்தின் நீல வெளிச்சம் மட்டும் விழுகிறது, ஆகவே நிழல் நீலம் பக்கம் சாயும். மல்டிப்ளை லேயருக்குக் கறுப்புக்குப் பதில் வெளிறிய நீலம் அல்லது ஊதா வைத்துப் பாருங்கள்.

பிரஷ் பொதிகளைப் பற்றி ஒரே வரி: இறக்கிக் குவிப்பதால் கை வராது, நான்கைந்து போதும்.

செய்ததைத் திரும்பப் பெறும் அண்டூ பற்றிப் பேசாமல் டிஜிட்டல் கற்ற கதை முடியாது. 1990இல் ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு வந்தபோது லேயரே கிடையாது, அது 1994இல் மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. பல படிகள் பின்னே போகும் ஹிஸ்டரி 1998இல் ஐந்தாம் பதிப்பில். அதுவரை ஒரே ஒரு படிதான் பின்வாங்க முடியும். இன்று நாம் ஒரு கோட்டுக்குப் பத்து முறை கன்ட்ரோல் இசட் அழுத்துகிறோம். மேடம் இதற்கு ஒரு பயிற்சி வைத்திருந்தார். வாரத்தில் ஒரு வகுப்பு ஒரே லேயர், அண்டூ கிடையாது, தவறான கோட்டின் மேலேயே திருத்தி வரைய வேண்டும். முனகல் பலமாக இருக்கும். ஆனால் அந்த வகுப்பில் வரைந்த படங்களில்தான் கோடுகளுக்கு உயிர் இருந்தது என்பது என் கணிப்பு. லேயர்களையும் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. ஏ3 அளவு, 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்றால் 3508க்கு 4961 பிக்சல். ஒரு முழு லேயர் சுருக்காமல் குறைந்தது சுமார் 50 எம்பி இடம் பிடிக்கும், நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 16 பிட்டில் அது இரட்டிப்பாகும். லேயர் அறுபதைத் தாண்டும்போது கணினி திணறுவதில் ஆச்சரியமில்லை. பெயர் வைக்காத லேயர்களோ, மறுநாள் உங்களையே திணறடிக்கும்.

கேன்வாஸை இடவலமாகப் புரட்டிப் பார்ப்பதும், முழுப் படத்தையும் சின்னதாகக் காட்டும் நேவிகேட்டர் சாளரத்தைத் திறந்து வைப்பதும் எல்லோரும் சொல்லும் அறிவுரைதான். செய்யுங்கள், பலன் உண்டு. ஒரு முகத்தின் கண் மேலேறியிருப்பது புரட்டிய நொடியில் தெரியும்.

கோப்பு சேமிப்பதில் ஒரே எச்சரிக்கை. வேலை நடக்கும்போது ஜேபெக்கில் சேமிக்க வேண்டாம். அது படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது, திறந்து திருத்தித் திரும்பச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் போகும். லேயரோடு மூலக் கோப்பு ஒன்று, அனுப்புவதற்கு ஏற்றுமதி செய்த பிரதி ஒன்று என்று இரண்டையும் பிரித்து வையுங்கள். பிறர் எடுத்த ஃபோட்டோவைப் படத்தில் ஒட்டியிருந்தால் அது எங்கிருந்து வந்தது, உரிமை என்ன என்பதையும் அதே கோப்புறையில் ஒரு குறிப்பாகப் போட்டு வையுங்கள், கண்காட்சிக்கு அனுப்பும் நேரத்தில் தேட வேண்டியிராது.

கடைசியாக அச்சு. ஆண்டு இறுதிக் கண்காட்சிக்கு அச்சிட்டபோது வகுப்பில் பாதிப் பேரின் படங்கள் இருண்டு வந்தன, மின்னும் நீலங்கள் மந்தமாயின. அச்சகத்தின் மேல் பழி போட வேண்டியதில்லை. திரை ஒளியை உமிழ்கிறது, காகிதம் விழும் ஒளியைத் திருப்புகிறது. போதாததற்கு ஸ்டூடியோ மானிட்டர்கள் எல்லாம் முழு வெளிச்சத்தில் இருந்தன. அச்சு வேலைக்கு மானிட்டரைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா அளவில் வைப்பது வழக்கம். அளக்கும் கருவி இல்லையென்றால் ஒரு வெள்ளைக் காகிதத்தைத் திரைக்குப் பக்கத்தில், அறை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். நீலத்தைப் பொறுத்தவரை, சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலக்கும் ஆர்ஜிபி திரை காட்டும் சில நிறங்களை, அச்சகம் பயன்படுத்தும் சிஎம்ஒய்கே (சயான், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு) மையால் தொடவே முடியாது. ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல் ஒய் அழுத்தினால் அச்சில் எப்படி வரும் என்று தோராயமாகக் காட்டும். அச்சகத்திடம் அவர்களுடைய மையும் காகிதமும் நிறத்தை எப்படிக் காட்டும் என்று விவரிக்கும் கலர் புரொஃபைல் கோப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டால் இன்னும் நெருக்கமாக இருக்கும்.

பெரிய பிரதிக்கு ஆர்டர் கொடுக்கும் முன், படத்தில் ஆக இருண்ட பகுதியும் தோல் நிறமும் அந்த நீலமும் அடங்கும் ஒரு பட்டையை மட்டும் வெட்டி, அதே காகிதத்தில், அதே அளவில் அச்சிட்டுப் பாருங்கள். இருட்டில் விவரம் அடைபட்டிருந்தால் மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு அந்தப் பகுதியைக் கொஞ்சம் தூக்குங்கள். அந்த லேயருக்கு 'அச்சுக்கு மட்டும்' என்று பெயர் வைத்துவிட்டால், திரைக்குப் போகும் பிரதியை ஏற்றுமதி செய்யும்போது அதை அணைக்க மறக்க மாட்டீர்கள்.